ஷெறோன் செய்த குளம்

அந்தப் படம் ஷெறோன் செய்ததல்ல என்று ஜெரோசனுக்குத் தெரியவந்தபோது, அவளுடைய அம்மா, அவனுடைய மாமி, அதை இருநூறு அட்டையில் அச்சடித்து முடித்திருந்தார்.

முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கான அட்டைகள். வருகிற சனிக்கிழமையோடு ஷெறோன் இறந்து ஒரு வருடம். வேலையிடத்தில் தலையிடிக்குது என்று கதிரையில் சாய்ந்தவள் பிறகு எழும்பவில்லை. முப்பத்தொரு வயது. ஜெரோசனைக் கல்யாணம் முடித்து நாலு வருடம். அட்டையைத் திறந்தால் ஒரு பக்கம் அவள் சிரிக்கிற புகைப்படம், மறுபக்கம் செபம். முகப்பில் ஒரு குளம். தாமரை இலைகள், நடுவே சின்னத் தீவு, தீவில் ஒரு கோவில், அப்பால் நகரத்தின் கூரைகள், கரையில் மரத்தடியில் குடையோடு நடந்து போகிற ஒரு பெண். அதன்கீழ் சாய்ந்த எழுத்தில், "ஷெறோனின் கைவண்ணம்."

ஷெறோனின் தம்பி றொஜன்தான் அதை வடிவமைத்தவன். வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்தான். "அத்தான், காட்ஸ் வந்திட்டுது. கலர் அப்பிடியே விழுந்திருக்கு, என்ன?"

அந்தச் செய்தி வந்தபோது ஜெரோசன் வாசற்கதவுக்குப் பின்னால் நின்று ஒரு கடிதத்தை மூன்றாம் தரம் வாசித்துக்கொண்டிருந்தான். கையால் எழுதிய கடிதம்.

"அன்புள்ள ஜெரோசன், நான் ஷெறோனுக்கு மரப்பலகையில் அச்சடிக்கப் படிப்பித்த டோரீன். அவளுடைய அடக்கப் பூசைக்கு வந்து பின்வரிசை வாங்கில் இருந்தேன். உங்களுக்கு நினைவிருக்காது. என்னுடைய ஜப்பானியப் படம் ஒன்று அவளிடம் இரவலாக இருக்கிறது. ஒரு குளம். பழுப்பு உறைக்குள் இருக்கும். இந்த மாதக் கடைசியில் வீட்டைக் கொடுத்துவிட்டு வேல்ஸில் தங்கையிடம் போகிறேன். கேட்க மனமில்லாமல் ஒரு வருடம் இருந்துவிட்டேன். கிடைக்காவிட்டால் பரவாயில்லை. ஆனால் அது என் ஆசிரியர் எனக்குத் தந்தது."

ஜெரோசன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தான். மறுபக்கத்தில் ஒன்றுமில்லை.

பழுப்பு உறை அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

மார்ச் மாதம் மாமி கேட்டிருந்தார். "தம்பி, பிள்ளையின்ர உடுப்பு, நகை ஒண்டும் எனக்கு வேண்டாம். அவள் தன்ர கையால செய்தது ஏதும் கிடந்தா மட்டும் தாங்கோ." அந்த வார இறுதியில் அவன் சின்ன அறையைத் துப்புரவாக்கினான். மேசையில் ஒரு கட்டுத் தாள். எல்லாம் ஒரே மாதிரி. நிறம் ஊறிப் போய், தண்ணீர் இருக்க வேண்டிய இடம் முழுக்க எள்ளுக் கொட்டினாற்போல் வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் பழுப்பு உறைக்குள், மெல்லிய தாள் சுற்றி, ஒன்றே ஒன்று தனியாக. அதில் ஒரு கறை இல்லை. தண்ணீர் கரையோரம் கருநீலமாகத் தொடங்கி நடுவில் தானாக வெளிறிப் போனது. இரண்டிலும் குளம், இரண்டிலும் மரம். அவன் இரண்டு செக்கனுக்கு மேல் யோசிக்கவில்லை.

அவனுடைய வேலை அப்படிப் பழக்கியிருந்தது. கட்டடங்களில் தீ எச்சரிக்கை மணி எங்கெங்கே பொருத்துவது என்று வரைபடம் போடுகிறவன் அவன். ஒரு கட்டடத்துக்குப் பத்து, பதினைந்து தரம் வரைவார்கள். கடைசி வரைபடம் ஒப்புதலானதும் முன்னையவற்றையெல்லாம் அழித்துவிட வேண்டும். பழையது ஒன்று எங்காவது கிடந்தால், எவனாவது அதைப் பார்த்துச் சுவரில் துளை போட்டுவிடுவான். இறுதியானது ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் குப்பை.

தாள்களைக் கட்டோடு கொண்டுபோய் மறுசுழற்சித் தொட்டியில் போட்டான். வியாழக்கிழமை கவுன்சில் லொறி வந்து அள்ளிக்கொண்டு போனது. பழுப்பு உறையை மாமியிடம் கொடுத்தான். "இது அவள் செய்தது" என்றான்.

மாமி அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு தீவில் இருந்த கோவிலில் விரலை வைத்தார். "பாலைதீவு" என்றார். சமாதான காலத்தில் ஊருக்குப் போனபோது, பத்து வயது ஷெறோனைப் படகில் பாலைதீவு அந்தோனியார் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நேர்த்திக்கடன் தீர்த்தவர் அவர். கடலுக்கு நடுவில் தீவு, தீவில் கோவில். பிள்ளை மறக்கவில்லை. கூரை வேறு மாதிரி இருந்ததையும், கடல் குளமானதையும் மாமி பொருட்படுத்தவில்லை. "ஞாபகத்தில கீறினது, அப்பிடித்தான் இருக்கும்." அடுத்த கிழமையே சட்டம் போட்டு முன்னறையில் மாட்டி, அடியில் மின்சார மெழுகுதிரியும் வைத்துவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களை முதலில் அதன்முன் கொண்டுபோய் நிறுத்துவார். "கீறினதும் அவள், பலகையில வெட்டினதும் அவள், அச்சடிச்சதும் அவள். முழுக்கத் தனிய."

இப்போது இருநூறு அட்டை.

ஜெரோசன் டோரீனுக்குத் தொலைபேசி எடுத்தான். திங்கட்கிழமை பின்னேரம் வகுப்புக்கு வரச் சொன்னார்.

வகுப்பு, முதியோர் கல்விக் கல்லூரியின் மேல்மாடியில். ஈரமரமும் மாப்பசையும் மணத்தன. ஏழெட்டுப் பேர் மேலங்கி கட்டிக்கொண்டு குனிந்து பலகை வெட்டிக்கொண்டிருந்தார்கள். டோரீனுக்கு எழுபது வயது இருக்கும். நகக்கண்ணில் நீலம். அனுதாபம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இது அவளுடைய இடமில்லை. அவள் யன்னலோரம். பயப்படாமல் இருங்கள்."

ஜெரோசன் இருந்தான். "உங்கள் படம் பத்திரமாக இருக்கிறது. அவளுடைய அம்மா வீட்டில். அதை அவள் செய்ததென்று நினைத்துவிட்டோம்."

டோரீன் வாய்விட்டுச் சிரித்தார். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "அவள் கேட்டிருந்தால் ஒரு வாரம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாள். அது டோக்கியோ. நகரத்துக்கு நடுவில் இருக்கிற குளம். தீவில் இருப்பது ஒரு பெண் தெய்வத்தின் கோவில். தொண்ணூறு வருடத்துக்கு முந்திய படம்."

வரைந்தவரின் பெயரைச் சொன்னார். அது ஜெரோசனின் மனதில் நிற்கவில்லை.

"அதற்கு முந்தி ஜப்பானில் ஒருவர் வரைவார், இன்னொருவர் வெட்டுவார், மூன்றாம் ஆள் அச்சடிப்பார். இவரும் இவருடைய கூட்டாளிகளும் அது வேண்டாமென்றார்கள். மூன்றையும் ஒரே ஆள் செய்தால்தான் அது படைப்பு என்றார்கள். பிழை வந்தால் அந்தப் பிழையும் தன்னுடையதாக இருக்க வேண்டும். ஷெறோனுக்கு அந்தக் கதை பிடித்துவிட்டது. அதனால்தான் படத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்."

"அவள் செய்தது?"

"டூட்டிங் கொமன் பூங்காவில் இருக்கிற குளம். நீங்கள் சனிக்கிழமைகளில் போவீர்களாமே. இருபத்திரண்டு தாள். பார்த்திருப்பீர்கள்."

"பார்த்திருக்கிறேன்."

"ஒரு வருடம் முழுக்க இந்த ஜப்பான்காரருடைய தண்ணீரைச் செய்யப் பார்த்தாள். கரையில் கருநீலம், நடுவில் வெளிறல், இடையில் கோடு தெரியக் கூடாது. வரவேயில்லை. ஒருநாள் வந்து சொன்னாள், எங்கள் குளம் இப்படிச் சும்மா கிடப்பதில்லை, எப்போதும் தூறிக்கொண்டேயிருக்கும் என்று. பசையைக் குறைத்தாள், கையின் அழுத்தத்தைக் குறைத்தாள், வேண்டுமென்றே புள்ளி விழ விட்டாள். தண்ணீர் முழுக்க மழை. அதை நான் படிப்பிக்கவில்லை." டோரீன் துணியில் விரலைத் துடைத்தார். "அந்தத் தண்ணீர் அவளுடையது."

எள்ளுக் கொட்டினாற்போல் என்று அவன் நினைத்தது அதுதான்.

"பலகை உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டான். தன் குரல் வேலைக் கூட்டத்தில் கேள்வி கேட்கிற குரலாக இருந்தது.

"அந்தப் பலகையால் பிரயோசனமில்லை. அவள் ஒரே பலகையில் செய்தாள். ஒரு நிறம் அடிப்பது, அதையே மேலும் வெட்டுவது, அடுத்த நிறம் அடிப்பது. படம் முடிகிறபோது பலகையும் முடிந்துவிடும். அந்த இருபத்திரண்டுதான். இனி ஒன்று அடிக்க முடியாது."

"இங்கே யாரிடமும் ஒன்று இல்லையா? புகைப்படம்?"

"இல்லை. கடைசி நிறம் வீட்டில்தானே அடித்தாள். காய்ந்ததும் எனக்கு ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தாள்." டோரீன் தயங்கினார். "தர மனமில்லாவிட்டால் விடுங்கள். பார்க்க மட்டும் ஒன்று கொண்டுவருவீர்களா?"

"சரி" என்றான் ஜெரோசன்.

ஸ்ட்ரெதமில் தன் வீட்டுக்கு வந்து, மேல்கோட்டைக் கழற்றாமலே சின்ன அறையில் கட்டிலை இழுத்துப் பார்த்தான். அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தான். ஒரு தாளாவது நழுவி விழுந்திருக்கலாம். விழவில்லை. அன்று அவன் நன்றாகத்தான் துப்புரவாக்கியிருந்தான். அவளுடைய போனைத் திறந்து ஆயிரத்துச் சொச்சம் படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். வெட்டின பலகை இருந்தது. மை பூசிய அவள் கை இருந்தது. முடிந்த படம் ஒன்றும் இல்லை.

அவனுக்கு அழுகை வரவில்லை. அது இந்த ஒரு வருடமாகவே வரவில்லை. செத்தவீட்டில் அவனைப் பார்த்து, பெடியன் கல்லு மாதிரி நிக்கிறான் என்று யாரோ சொன்னது அவன் காதிலும் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து மாமி வீடு இருக்கும் ரெய்னர்ஸ் லேனுக்கு ரயிலேறினான். சொல்ல வேண்டியது மூன்று வசனம். அது ஷெறோன் செய்ததில்லை. டீச்சரின்ர படம். திருப்பிக் குடுக்க வேணும். மூன்றும் உண்மை. அதற்குப் பிறகு ஒரு கேள்வி வரும். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான்: தேடிப் பாக்கிறன். அந்தப் பதில் பொய்யாக இருந்தாலும் நெடுங்காலம் தாங்கும். வீடு மாறும்போது தேடலாம். கராஜில் தேடலாம். மாமி இருக்கும் வரைக்கும் தேடிக்கொண்டேயிருக்கலாம். ரெய்னர்ஸ் லேன் வரும்வரை அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

றொஜன் கதவைத் திறந்தான். "அம்மா, அத்தான் வந்திருக்கிறார். கதவுத் திறப்பைக் கையில வைச்சுக்கொண்டு பெல்லடிக்கிறார், டெலிவரிக்காரன் மாதிரி."

"டெலிவரிக்காரன் எண்டா சைன் ஒண்டாவது கேப்பான்" என்று முன்னறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. ஷெறோனின் அப்பா யேசுரட்ணம் மாமா முப்பது வருடம் பெற்றோல் ஸ்டேஷனில் வேலைக்கு நின்றவர். இப்போது தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறார். "இவர் அதுவும் கேக்கமாட்டார். வாரும் ஐசே, இரும்."

மாமி சாப்பாட்டு மேசையில் அட்டைகளை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். பாதி முடிந்திருந்தது. "சாப்பிட்டனீங்களோ தம்பி?"

"ஓம் மாமி."

"பொய். முகத்தில தெரியுது."

"கத்தரின், அந்தாளை முதல்ல இருக்க விடும்" என்று மாமியைப் பார்த்துச் சொன்னார் மாமா.

மாமி ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். "பாருங்கோ. ஃபாதரும் பாத்திட்டு நல்லாயிருக்கு எண்டவர். பிரசங்கத்தில சொல்லப் போறாராம், அந்தோனியாருக்கு நேர்ந்த பிள்ளை தன்ர கையாலயே அவற்ர கோவிலைச் செய்து வைச்சிட்டுப் போயிருக்கு எண்டு."

ஜெரோசன் அட்டையை வாங்கினான். சுவரில் சட்டத்துக்குள் அதே குளம். அடியில் மின்சார மெழுகுதிரி துடித்துக்கொண்டிருந்தது.

"மாமி, ஒரு விசயம் சொல்ல வேணும். இந்தப் படம் ஷெறோன் செய்ததில்லை."

மாமியின் கை உறையில் நின்றது.

"ஜப்பான் படம். அவளின்ர டீச்சரின்ர. பாத்துப் பழக எண்டு இரவல் வாங்கி வைச்சிருக்கிறாள். எனக்குத் தெரியாது. டீச்சர் இப்ப திருப்பிக் கேக்கிறா. குடுக்க வேணும்."

மாமா கேட்டார். "அப்ப அந்தக் கோவில்?"

"டோக்கியோவில இருக்கிற கோவில் மாமா. ஒரு பெண் தெய்வம்."

"அம்மாளாச்சி" என்றார் மாமா மெதுவாக. "இருநூறு அட்டை. அதுவும் செபத்துக்கு முன்பக்கத்தில."

"சென் அந்தனி இன் ஜப்பான்" என்றான் றொஜன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது அவன் தோளில் தெரிந்தது.

"நீ வாயை மூடு. ஃபாதருக்கு ஆர் சொல்லுறது? நீதான் சொல்லுவாய்" என்றார் மாமா.

மாமி சிரிக்கவில்லை. எழும்பிச் சுவரடிக்குப் போனார். ஒரு நிமிடம் படத்தைப் பார்த்தார். கோபப்படுவார், அழுவார் என்று ஜெரோசன் நினைத்திருந்தான். ஆனால் திரும்பியபோது அவர் முகம் வேறாக இருந்தது. ஒரு வருடமாக அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவன் கண்டதில்லை.

"அப்ப அவள் செய்தது வேற இருக்குதே, தம்பி?"

அவன் கையிலிருந்த அட்டையை மூடினான்.

"இருக்கத்தானே வேணும். வருசக்கணக்கா வகுப்புக்குப் போனவள். நானும் யோசிச்சனான், என்னடா இது, எங்கட பிள்ளையின்ர கை மாதிரி இல்லையே, இவ்வளவு துப்புரவா இருக்குதே எண்டு. அவள் ஒரு சட்டை தைச்சாலே ஒரு கை நீட்டு, ஒரு கை கட்டை." மாமி மேசைக்கு வந்தார். "எப்ப கொண்டு வருவியள்? நாளைக்குக் கொண்டு வந்தா இந்த அட்டையைத் தூக்கிப்போட்டுப் புதுசா அடிக்கலாம். றொஜன், சனிக்கிழமைக்கிடையில ஏலுமோ?"

"ஏலும். ஒரு நாள் போதும். ஸ்கான் பண்ணித் தாங்கோ அத்தான், நான் இண்டைக்கே செய்யிறன்."

தேடிப் பாக்கிறன். அந்தச் சொல் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் மாமி நாளைக்குக் காலமை போன் எடுப்பார். நாளையிண்டைக்கும் எடுப்பார். ஒவ்வொரு தரமும் இந்த முகத்தோடுதான் எடுப்பார்.

"இல்லை மாமி" என்றான். "நான் எறிஞ்சிட்டன்."

"எதை?"

"அவள் செய்ததை. மார்ச் மாசம் நீங்கள் கேட்டனீங்களே, அப்ப. இதுதான் கடைசியாச் செய்த நல்ல படம், மற்றதெல்லாம் பிழைச்ச தாள் எண்டு நினைச்சுக் குப்பைப் பின்னில போட்டிட்டன். இருபத்திரண்டு தாள்."

"எல்லாத்தையுமோ?"

"ஓம்."

மாமா தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"பலகை இருக்குமே அத்தான்?" என்றான் றொஜன். "திருப்பி அடிக்கலாம்."

"ஏலாது. படம் முடிய, பலகையும் முடிஞ்சிடும். போனிலயும் இல்லை. டீச்சரிட்டயும் இல்லை. எல்லாம் பாத்திட்டன்."

மாமி கதிரையில் இருந்தார். உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். "ஒண்டை வைச்சிருக்கலாமே தம்பி" என்றார். "ஒரேயொரு தாள்."

"ஓம் மாமி."

"எறியேக்க பாக்கேல்லையோ?"

"பாத்தனான். எனக்கு ஊத்தையாத் தெரிஞ்சுது."

மாமா எழும்பி வந்து, உறைக்குள் போட்டது போடாதது எல்லாவற்றையும் அள்ளிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "அட்டை வேண்டாம். ஒரு வருசப் பூசைக்கு அட்டை என்னத்துக்கு. செபத்தை நான் வாசிக்கிறன்." றொஜனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். றொஜன் சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றினான். படத்தைப் பின்பக்கத்தால் மெதுவாக உருவி, பழுப்பு உறைக்குள் வைத்து ஜெரோசனின் முன்னால் வைத்தான். சுவரில் ஆணி மட்டும் நின்றது. மெழுகுதிரி கீழே இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜெரோசன் எழும்பப் பார்த்தான்.

"இருங்கோ" என்றார் மாமி. "அதில என்ன இருந்தது?"

"குளம் மாமி. டூட்டிங் கொமன் குளம்."

"குளம் எண்டு சொல்லிப்போட்டியள். குளத்தில என்ன?"

அவனுக்குக் கட்டாகத் தூக்கினது மட்டும்தான் ஞாபகம். பாரமாக இருந்தது. பிறகு வேறொன்று வந்தது. குசினியில் உடுப்புக் காயப்போடுகிற சட்டத்தில் அவள் தாள்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். கேத்திலடிக்குப் போக அவன் குனிந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு, மூன்று நாள் தொங்கும். தலையில் முட்டுது என்று ஒருக்கா எரிந்தும் விழுந்திருக்கிறான். மாதக்கணக்காக அந்தப் படங்களுக்குக் கீழேதான் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறான்.

"இடப்பக்கம் ஒரு மரம்" என்றான். "கொப்பெல்லாம் கீழ தொங்கி, தண்ணியில முட்டிக்கொண்டு நிக்கும்."

"என்ன நிறம்?"

"மஞ்சள். இலை கொட்டுற நேரம்."

"ம்."

"அந்தக் கரையில கம்பி வேலி. அதுக்கு அங்கால றோட்டு. சின்னனா ஒரு சிவப்பு இருக்கும். பஸ் எண்டு நினைக்கிறன்."

"வாத்து இல்லையோ?" என்றார் மாமா.

"இருக்கு. ரெண்டு. ஒண்டு தலையைத் தண்ணிக்குள்ள விட்டிருக்கு, பின்பக்கம் மட்டும்தான் தெரியும்."

"அது அக்கான்ர ஐடியாதான்" என்றான் றொஜன். அவன் ஒரு உறையின் பின்பக்கத்தில் பேனாவால் மரத்தைக் கீறத் தொடங்கியிருந்தான். மாமி கையை நீட்டி அதை மறித்தார்.

"கீறாத. அவர் சொல்லட்டும். தண்ணி எப்பிடி?"

"தண்ணி முழுக்கப் புள்ளி. மழை. அதைத்தான் நான் ஊத்தை எண்டு நினைச்சது. கிட்டப் பாத்தா புள்ளி, தள்ளி நிண்டு பாத்தா மழை தூறுது." அதை அவன் தள்ளி நின்று பார்த்திருக்கிறான். எப்போது பார்த்தான் என்று தெரியவில்லை. கேத்தில் கொதிக்கும்வரை கதவடியில் நின்றபோதாக இருக்கலாம். "இஞ்சாலப் பக்கம், கிட்ட, ஒரு வாங்கு. வாங்கில ஒராள் இருக்கு."

"ஆம்பிளையோ பொம்பிளையோ?"

"ஆம்பிளை. கறுப்பு ஜக்கெற். முதுகைக் குளத்துக்குக் காட்டிக்கொண்டு."

அவன் நிறுத்தினான். அவன் போட்டுக்கொண்டு வந்த அந்த ஜக்கெற் இப்போது கதவுக்குப் பின்னால் கொழுக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைகளில் அவள் கரையில் நின்று கொப்பியில் கீறுவாள். அவன் வாங்கில் இருந்து வேலை மெயில்களுக்குப் பதில் போடுவான். முடிஞ்சுதா, குளிருது என்பான். இன்னும் அஞ்சு நிமிசம் என்பாள். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் என்ன கீறினாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஆர் தம்பி அது?" என்று கேட்டார் மாமி.

"நான்."

மாமா தொண்டையைச் செருமினார். றொஜன் பேனாவை மூடினான்.

"என்ன செய்யிறியள்?"

"போன் பாக்கிறன்."

"முகம் தெரியுதோ?"

"இல்லை மாமி. குனிஞ்சிருக்கு. முகம் வெட்டேல்லை."

மாமி தலையாட்டினார். மன்னித்ததாகவும் தெரியவில்லை, மன்னிக்காததாகவும் தெரியவில்லை. பக்கத்துக் கதிரையை இழுத்து அவனுக்குக் கிட்டப் போட்டு இருந்தார். ஆணி மட்டும் நின்ற சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "திருப்பிச் சொல்லுங்கோ. மரத்தில இருந்து. அவசரப்படாமச் சொல்லுங்கோ."

ஜெரோசன் சொல்லத் தொடங்கினான். இடப்பக்கம் ஒரு மரம். கொப்பு தண்ணியில முட்டிக்கொண்டு நிக்கும். கம்பி வேலி. சிவப்பாய் ஒரு பஸ். ரெண்டு வாத்து. தண்ணீருக்கு வந்த இடத்தில் அவனால் மேலே சொல்ல முடியவில்லை. மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் வாயிலிருந்து வந்த சத்தம் முதலில் அவனுக்கே யாருடையது என்று விளங்கவில்லை.

மாமி அவனை அழ விட்டார். முடியும்வரை இருந்தார். பிறகு, "ம்" என்றார். "தண்ணி."